தில்லைக்கு வந்த முத்துப் பணம்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் சிதம்பரத்தை அடுத்த கிள்ளை. இப்போது கடலூரில் பள்ளி ஆசிரியை. திருவந்திபுரம் பெருமாள் கோயில் கல்வெட்டில், நம் பகுதியில் நடந்த சண்டையில் ஈழத்து அரசன் பராக்கிரமபாகு கொல்லப்பட்டதாக வருகிறது என்று படித்தேன். ஈழத்து அரசனுக்கு இங்கே என்ன வேலை? எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 'இந்தக் கடலிலும் ஒரு காலத்தில் முத்து எடுத்தார்கள், அதற்காகத்தான் ராஜாக்கள் அடித்துக்கொண்டார்கள்' என்று சொல்வார்கள். உண்மையா? சுந்தர பாண்டியன் சிதம்பரத்தில் பொன் வேய்ந்தது முத்து விற்ற காசில்தானா? கடைசியாக ஒன்று, என் மாணவர்கள் கேட்டது: முத்தெடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

பதில்: அம்மா, இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். கடலூர், பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம் கடலில் முத்துச்சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்ததில்லை. முத்துச்சிப்பி ஒட்டி வளரக் கடலடியில் கெட்டியான தரை வேண்டும். தூத்துக்குடிக்காரர்கள் அதைப் 'பார்' என்பார்கள். தண்ணீரும் தெளிவாக இருக்க வேண்டும். நம் கரையில் பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் நான்கும் அடுத்தடுத்து வந்து வண்டலைக் கொட்டுகின்றன. சேறும் மணலுமான அந்த அடித்தரை இறாலுக்கும் நண்டுக்கும் ஏற்றது. முத்துச்சிப்பிக்கு ஒத்துவராது. சிப்பிக்கு வாய்த்த இடம் மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கு எதிரே ஒரு வரிசைப் பார்கள், இலங்கையின் வடமேற்குக் கரைக்கு எதிரே இன்னொரு வரிசைப் பார்கள்.

ஆனாலும் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். முத்து இங்கே விளையவில்லை. அதன் பணமும் அந்தப் பணம் வளர்த்த அரசுகளும் இந்தக் கரையில்தான் மோதின. 13ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சி சரிந்து பாண்டியர் கை ஓங்கிய கதையில் பெரிய பகுதி திருவதிகை, திருப்பாதிரிப்புலியூர், சேந்தமங்கலம், சிதம்பரம் என்ற சின்ன வட்டத்துக்குள் நடந்தது.

சோழர்களிடமிருந்து தொடங்குவோம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் ராஜராஜன் கொடுத்த நகைகளின் கணக்கு அங்கேயே கல்லில் இருக்கிறது. அதில் முத்துக்களைப் பிரித்திருக்கும் விதத்தை ஒருமுறையாவது உங்கள் மாணவர்களுக்குக் காட்டுங்கள். வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்போளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று போகிறது அந்தப் பட்டியல். உருட்சி, அளவு, ஒட்டிப் பிறந்தது, சப்பையானது, சொரசொரப்பு, உள்ளே ஓடும் ஒளியின் நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். நகைநகையாக எடையும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கழஞ்சு 20 மஞ்சாடி. ஒரு மஞ்சாடி இரண்டு குன்றி. குன்றிமணி அளவுக்குக் கணக்குக் காட்டிய அலுவலர்கள் அவர்கள். முத்தைக் கையில் உருட்டிப் பார்த்துத் தரம் சொல்லத் தெரிந்த ஆட்கள் அரண்மனையில் இருந்தால்தான் இப்படி ஒரு பட்டியல் எழுத முடியும்.

இன்னொன்று சிதம்பரத்துக்காரரான உங்களுக்குப் பிடிக்கும். அங்கே நகைகளை நிறுத்த எடைக்கல்லுக்குத் 'தட்சிணமேரு விடங்கன்' என்று பெயர். பொன்னை நிறுத்த கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். தில்லைக் கூத்தனின் பெயர்தான் தஞ்சையின் பொன்நிறை.

இந்த முத்தெல்லாம் எப்படி வந்தது? சேரனையும் பாண்டியனையும் வென்று கொண்டுவந்த பண்டாரத்திலிருந்து கொடுத்தவற்றை அந்தக் கல்வெட்டுகளே தனியாகச் சொல்கின்றன. பாண்டிய நாட்டைப் பிடித்தவனுக்கு வளைகுடாவின் மேற்குக் கரை கிடைத்தது. ஈழத்தைப் பிடித்தவனுக்குக் கிழக்குக் கரை. ராஜராஜன் காலத்திலேயே மன்னாருக்கு எதிரே உள்ள மாதோட்டத்துக்கு ராஜராஜபுரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுமார் 1017இல் ராஜேந்திரன் ஈழம் முழுவதையும் எடுத்துக்கொண்டான். 1070 வாக்கில் சிங்கள அரசன் விஜயபாகு சோழரை வெளியேற்றும் வரை மன்னார் வளைகுடாவின் இரண்டு கரையும் ஒரே அரசின் கையில் இருந்தது. முத்து வணிகத்தில் இதைவிடப் பெரிய பலம் கிடையாது. சலாபத்தை எந்தக் கரையிலிருந்து நடத்தினாலும் பங்கு ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும்.

அந்தப் பலம் எவ்வளவு என்பதற்குச் சீனாவில் சாட்சி இருக்கிறது. ராஜராஜன் பெயரில் புறப்பட்ட தூதுக்குழு 1015இல் சோங் அரசவையை அடைந்தது. அதற்குள் ராஜராஜன் மறைந்து ராஜேந்திரன் பட்டத்துக்கு வந்துவிட்டான். முத்து தைத்த ஓர் அங்கி, ஒரு தொப்பி, 21,100 லியாங் முத்து, 60 யானைத் தந்தம் என்று சீன வரலாற்று நூல் கணக்குச் சொல்கிறது. ஒரு லியாங் ஏறக்குறைய 40 கிராம். கணக்குப் போட்டால் 800 கிலோவைத் தாண்டும். இது போதாதென்று தூதர்கள் தங்கள் சார்பாகவும் 6,600 லியாங் முத்து கொடுத்தார்கள். 1033இல் போன அடுத்த தூதர், தட்டில் முத்தை ஏந்தி மண்டியிட்டு, எங்கள் நாட்டு வழக்கம் என்று சொல்லிப் பேரரசரின் ஆசனத்துக்கு முன்னால் அதை வாரி இறைத்திருக்கிறார். 1077இல் சென்ற குழு 81,800 சரம் செப்புக் காசுடன் திரும்பியது. காணிக்கை என்று அவர்கள் எழுதினாலும், இந்தக் கொடுக்கல் வாங்கலை நான் வணிகம் என்றே சொல்வேன்.

இதில் உங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. கடல் கடந்த உறவுகளைக் கொண்டுவந்து வைக்கும் இடமாகச் சோழர்கள் தில்லையை நடத்தினார்கள். காம்போஜ அரசன், அதாவது இன்றைய கம்போடியாவை ஆண்டவன், முதலாம் குலோத்துங்கனுக்கு ஓர் அபூர்வக் கல்லைக் காட்சிப் பொருளாக அனுப்பினான். அதைச் சிதம்பரம் கோயிலின் எதிரம்பலத்தில் பதித்தார்கள். குலோத்துங்கனின் தங்கை குந்தவையின் கொடைகளைச் சொல்லும் 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இந்தச் செய்தி இருக்கிறது. அதே காலத்தில் குலோத்துங்கனிடமும் விக்கிரம சோழனிடமும் படைத்தலைவனாக இருந்தவன் மணவில் கூத்தன் என்ற நரலோகவீரன். தில்லைக் கோயிலில் அவன் செய்யாத திருப்பணி இல்லை என்று சொல்லலாம். மாசிக் கடலாட்டுக்கு இறைவன் எழுந்தருளக் கடற்கரையில் மண்டபம் கட்டி, அங்கே போகப் பெருவழியும் போட்டவன் அவன். மாசி மகத்துக்கு இன்றும் சுவாமிகள் வந்து இறங்கும் உங்கள் கிள்ளைக் கரைதான் அது. பெரிய கோயில், அதிலிருந்து கடலுக்கு நல்ல சாலை, கடற்கரையில் மண்டபம். முத்து விளையாத கரை அரசியலில் எப்படி முக்கியமானது என்பதற்கு இந்த மூன்றுமே போதும்.

சோழர்களின் பிடி தளர்ந்ததும் இந்த இடத்தில் எழுந்தவன் காடவன் கோப்பெருஞ்சிங்கன். இன்றைய உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள சேந்தமங்கலம் அவன் தலைநகர். 1231 வாக்கில் தெள்ளாற்றில் மூன்றாம் ராஜராஜ சோழனைத் தோற்கடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். ஒரு காலத்தில் சீனா வரை தூது அனுப்பிய வம்சத்தின் அரசன், தன் சிற்றரசனிடம் கைதி. நீங்கள் படித்த திருவந்திபுரம் கல்வெட்டு இதைத்தான் சொல்கிறது. சோழனின் 16ஆம் ஆட்சியாண்டில் அது வெட்டப்பட்டது.

செய்தி கேட்ட போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன், சோழனை மீட்டு நிலைநிறுத்தும் வரை தன் காளம் ஊதப்படாது என்று சபதம் செய்து துவாரசமுத்திரத்திலிருந்து புறப்படுகிறான். பாச்சூரில் இறங்கிக்கொண்டு, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரு தண்டநாயகர்களை, அதாவது படைத்தலைவர்களை, முன்னே அனுப்புகிறான். அவர்கள் எள்ளேரி, கள்ளியூர் மூலை, தொழுதகையூர் என்று ஊர்களை அழித்துக்கொண்டே வருகிறார்கள். கோப்பெருஞ்சிங்கன் தரப்பு முதலிகள், அதாவது அவன் அதிகாரிகள், கொல்லப்படுகிறார்கள். அவர்களோடு ஈழத்து ராஜா பராக்கிரமபாகுவும். குதிரைகள் கைப்பற்றப்படுகின்றன. நடுவில் சிதம்பரம் பொன்னம்பலத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, மறுபடியும் அழிவு வேலை. திருப்பாதிரிப்புலியூரில் முகாம். திருவதிகை, திருவக்கரை உள்ளிட்ட ஊர்கள் அழிகின்றன. சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடல் வரை ஊர்களைச் சுட்டு, பெண்களைப் பிடித்து, கொள்ளையடித்ததையும் வென்றவர்களே பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். சேந்தமங்கலத்தை முற்றுகையிடப் போகும்போது காடவன் சோழனை விட்டுவிடுகிறான். இதைப் பாடத்தில் நடத்தும்போது, அந்த ஊர்களில் இருந்த குடியானவர்களையும் பிடிபட்ட பெண்களையும் பிள்ளைகள் நினைத்துப் பார்க்கும்படி நடத்துங்கள். அரசர்களின் பெயர் மட்டும் மனப்பாடமானால் போதாது.

அந்தப் பராக்கிரமபாகு ஏன் இங்கே? முத்துக்காகத்தான் வந்தான் என்று கல்வெட்டு சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஈழத்தின் அன்றைய நிலைமையைப் பார்த்தால் விஷயம் விளங்கும். 1215இல் கலிங்கத்து மாகன் வந்து பொலன்னறுவையைப் பிடித்துவிட்டான். மாதோட்டம், மன்னார் போன்ற துறைகளில் அவன் படைகள் காவல் இருந்ததை இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. முத்துக்கரையும் தலைநகரும் பறிபோன நிலையில், ஈழத்து அரச குடும்பத்தான் ஒருவன் இக்கரையில் வளர்ந்துவரும் ஒரு தலைவனிடம் சேர்ந்து சண்டை போட்டதில் வியப்பில்லை. கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரில் இருவர், தந்தையும் மகனும், அடுத்தடுத்து ஆண்டார்கள். மகனின் பட்டங்களில் 'பெண்ணை நதி நாதன்' உண்டு, மாமல்லபுரத்துக்குத் தலைவன் என்ற பொருளில் 'மல்லாபுரி வல்லபன்' உண்டு. பெண்ணை முகத்துவாரத்திலிருந்து மாமல்லபுரம் வரை கரையைத் தன் கையில் வைத்திருந்ததாகச் சொல்லிக்கொண்டவனுக்குக் கடல் கடந்த நண்பர்கள் இருக்கத்தானே செய்வார்கள்?

திருவந்திபுரம் கல்வெட்டில் குதிரைகளைக் கைப்பற்றியதைத் தனியாகச் சொல்கிறார்கள், கவனித்தீர்களா? முத்துக்கும் போருக்கும் இடையே உள்ள கண்ணி குதிரைதான். தமிழ்நாட்டில் நல்ல போர்க்குதிரை பிறக்காது, பிறந்தாலும் நிலைக்காது. பாரசீக வளைகுடாவிலிருந்தும் அரேபியாவிலிருந்தும் கப்பலில் வரவேண்டும். இரண்டு தலைமுறை கழித்துப் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஒரு குதிரையின் விலை 500 சாஜி எடைப் பொன் என்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இன்னும் துல்லியமாகக் கணக்குக் கொடுக்கிறார்: கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்புவது என்று ஒப்பந்தம். ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். வழியில் செத்தாலும் பாண்டியன் பணம் கட்ட வேண்டும். இந்தியத் துறைகளுக்கு மொத்தமாக ஆண்டுக்கு 10,000 குதிரை வந்ததாகவும் எழுதுகிறார். காயல் முதலிய பாண்டியத் துறைகளின் பொறுப்பு ஜமாலுத்தீனின் உறவினர் தகியுத்தீனிடம் இருந்தது. குதிரை விற்கும் குடும்பமே துறையையும் நிர்வகித்தது.

இவ்வளவு குதிரைக்கு வெளிநாட்டு வணிகன் ஏற்றுக்கொள்ளும் பொருள் எதைக் கொடுப்பது? நெல்லையும் உப்பையும் வாங்கிக்கொண்டு அவன் பாரசீக வளைகுடாவின் ஹொர்முஸுக்குப் போகமாட்டான். கைக்கு அடக்கமாக, பழுதாகாமல், எந்த நாட்டிலும் விலைபோவது முத்து. நல்ல முத்தையும் மணியையும் அரண்மனைக்குக் கொண்டுவந்தால் இரட்டை விலை என்று ஆண்டில் பலமுறை பறையறைவார்கள் என்றும், பெரிய முத்தை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை என்றும் போலோ சொல்கிறார். சுந்தர பாண்டியனின் கழுத்தில் 104 முத்தும் மணியும் கோத்த மாலையைப் பற்றியும் சொல்கிறார். தரமான முத்து அரசன் கையில், மற்றது சந்தைக்கு. இப்படி நடந்தால் முத்தின் விலை சரியாமல் இருக்கும். அதைக் கொடுத்து வாங்கும் குதிரையும் தடையில்லாமல் வரும்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. போலோ பார்த்த சுந்தர பாண்டியன் வேறு. சிதம்பரத்தில் பொன் வேய்ந்தவன் அவனுக்கு முந்தியவன், 1251இல் பட்டத்துக்கு வந்த முதலாம் சடையவர்மன். அவன் சோழனைக் கப்பம் கட்டவைத்தான், போசளரைக் கண்ணனூரிலிருந்து விரட்டினான். ஈழத்து அரசனிடம் மணிகளும் யானைகளும் வாங்கினான். பிறகு இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன்மேல் வந்தான். காடவன் கொடுத்த கப்பத்தை மறுத்து, சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, யானையும் பண்டாரமும் எடுத்துக்கொண்டு, நாட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்ததாக அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. அதற்குப் பிறகுதான் தில்லைத் தரிசனம், துலாபாரம், பொன் வேய்தல் எல்லாம். திருவரங்கத்திலும் அதேபோல. 'கோயில் பொன் வேய்ந்த பெருமாள்' என்ற பட்டம் அப்படி வந்தது. நெல்லூர் வரை போய் வீராபிஷேகம் செய்துகொண்டான்.

ஆகவே அந்தப் பொன் நேராக முத்து விற்ற காசு என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. கொள்ளையும் கப்பமும் அதில் அதிகம். ஆனால் அந்தக் கொள்ளைக்குப் போன குதிரைப்படையை எது நிறுத்தியது என்று கேட்டால், மன்னார் வளைகுடாவைத்தான் கைகாட்டுவேன். வைகை, தாமிரபரணி நிலவரி பாண்டியர்களுக்கு எப்போதும் இருந்ததுதான். அது மட்டும் இருந்தபோது அவர்கள் நெல்லூருக்குப் போகவில்லை. முத்தும் துறைமுகமும் முழுதாகக் கைக்கு வந்தபோது போனார்கள். இந்தக் கணக்கில் காடவனுக்கு முன்கூட்டியே தோல்வி எழுதப்பட்டிருந்தது என்பது என் எண்ணம். அவனிடம் கரை இருந்தது, கோயில் இருந்தது, வீரம் இருந்தது. கடலிலிருந்து ஆண்டுதோறும் வரும் பங்கு இல்லை.

சிதம்பரம் தெற்குக் கோபுரத்தின் கீழ் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். 'சொக்கச்சீயன்' என்பது காடவனின் பெயர்களில் ஒன்று. அந்தக் கோபுரத்துக்குச் சொக்கச்சீயன் திருநிலை எழுகோபுரம் என்றே பெயர். நுழைவாயிலின் மேல்விதானத்தில் இருப்பதோ பாண்டியரின் மீன் சின்னம். அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துப் போனால் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கடல் அதிகாரத்துக்கு வேறு ஒரு வழியும் அந்தக் காலத்திலேயே இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய கணபதிதேவன் 1244இல் ஓர் அபய சாசனம் வெட்டிவைத்தான். புயலில் சிக்கி ஒதுங்கும் கப்பலின் சரக்கை முன்பிருந்த அரசர்கள் பறித்துக்கொள்வார்கள். நாம் விதித்த சுங்கம் தவிர வேறெதுவும் எடுக்கமாட்டோம் என்பது அதன் சாரம். சுங்கம் கட்டும் பொருள்களின் வரிசையில் முத்தும் இருக்கிறது. இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன் இந்தக் கணபதியோடு உறவு வைத்திருந்தான். அவன் கல்வெட்டுகள் திரிபுராந்தகத்திலும் திராட்சாராமத்திலும் இருக்கின்றன. முத்து இல்லாத கரைக்குச் சரியான பாதை கணபதியின் பாதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது: வணிகனுக்கு அச்சமில்லாத துறையை அமைத்துக் கொடுத்து அவனை வரவழைப்பது.

பாண்டியரின் செல்வமும் நிலைக்கவில்லை. 1311இல் தில்லி சுல்தானின் படைத்தலைவன் மாலிக் காபூர் வந்தான். தில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரு எழுதும் பிரமஸ்த்புரிப் பொற்கோயில் சிதம்பரமே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். 612 யானை, 20,000 குதிரை, நகையும் முத்தும் அடைத்த பெட்டிகள் தில்லிக்குப் போனதாக வரலாற்றாசிரியர் பரணி எழுதுகிறார். முத்துக்கரை வேறு கைக்கு மாறியது. 1344இல் மொராக்கோப் பயணி இபின் பதூதா புத்தளத்தில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது, சலாபத்திலிருந்து வந்த முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல முத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று அரசன் கேட்டானாம். பாண்டியருக்காக ஈழத்தின்மேல் படை நடத்திய ஆரியச்சக்கரவர்த்திகளின் வழிவந்தவன் அவன்.

கடைசிக் கேள்வி, உங்கள் மாணவர்களுடையது. போலோ சொல்லும் பங்கீடு இது: எடுத்ததில் பத்தில் ஒன்று அரசனுக்கு, சுறாவைக் கட்டிவைக்க மந்திரம் சொல்பவருக்கு இருபதில் ஒன்று. தூத்துக்குடிப் பக்கம் அவருக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவாராம், திருட்டுத்தனமாக யாரும் இறங்காமல் இருக்க. மீதியெல்லாம் முதல் போட்ட வணிகருக்கு. கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் குளியாளுக்கு ஏப்ரலிலிருந்து மே பாதி வரை கூலி. அவ்வளவுதான்.

அந்தக் கூலிக்குச் செய்த வேலையைப் பிற்காலச் சலாபக் குறிப்புகளிலிருந்து விவரமாக அறிய முடிகிறது. கயிற்றில் கட்டிய கனத்த கல்லின் வளையத்தில் காலை நுழைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார்கள். கழுத்தில் தொங்கும் பையில் சிப்பியை அள்ளிப் போட்டு, ஒரு நிமிடம் போலக் கழிந்ததும் கயிற்றை அசைப்பார்கள். படகில் இருக்கும் முண்டக்கு இழுத்து மேலே கொண்டுவருவார். ஒரு கல்லுக்கு இருவர், மாற்றி மாற்றி. கரைக்கு வந்த சிப்பியைக் குவித்து நாள்கணக்கில் அழுகவிட்டு, புழுவும் ஈயும் மொய்த்த சதையைக் கழுவி அலசி முத்தைப் பொறுக்க வேண்டும். பெரும்பாலான சிப்பியில் ஒன்றும் இருக்காது.

ஆங்கிலேயர் காலத்து இலங்கைச் சலாபத்தில்தான் குளியாட்களுக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு என்ற ஏற்பாட்டைப் பார்க்கிறோம். மீதியை அரசு, திறக்காத சிப்பியாகவே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டது. தங்கள் பங்கைக் குளியாட்கள் கரையிலேயே விற்றுவிடுவார்கள். தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961இல்.